கண்டி வீதியின் மறுமுனை

யாழ்ப்பாணத்திலே கண்டி வீதி என்றொரு வீதி உண்டு. கச்சேரிக்குப் போகிறவர் கண்டி வீதியாற் போகிறார். சாவகச்சேரிச் சந்தைக்குப் போகிறவரும் கண்டி வீதியாற் போகிறார். வீடு எங்கே என்று எவராவது கேட்டால், கண்டி வீதியிலிருந்து இரண்டாவது ஒழுங்கை என்று விடை சொல்லி நாமும் வாழ்ந்து வருகிறோம். ஆனால், இந்த வீதி போய் முடிகின்ற கண்டியைக் கண்ணாற் கண்டவர்கள் எமது ஒழுங்கையில் எத்தனை பேர் என்று ஒரு மாலைப் பொழுதில் எண்ணிப் பார்த்தோம். கொழும்பைக் கண்டவர் பலர். இலண்டனையும் ரொறன்ரோவையும் கண்டு வந்தவரும் சிலர் உளர். கண்டியைக் கண்டவர் தொகை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிட்டது. எண்பது வயதை எட்டிக்கொண்டிருக்கும் எமது தாயார் அந்தத் தொகையிற் சேரவில்லை.

வீதியின் இம்முனைக்கும் அம்முனைக்கும் இடையே ஏறக்குறைய 320 கிலோமீற்றர் தூரம். காலையில் பஸ் ஏறினால் மாலையிற் போய் இறங்கலாம். ஒரு பகற்பொழுதுப் பிரயாணத்தை ஓர் ஆயுட்காலமாகச் செய்யாமல் இருந்துவிட்டோமே என்று அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

மலையைப் பற்றி நாம் பேசுவதே ஒரு வேடிக்கை. குறிஞ்சி என்றால் மலையும் மலை சார்ந்த இடமும் என்று பள்ளிக்கூடத்தில் நெட்டுருச் செய்தோம். ஆனால் எமது குடாநாட்டிலே மலையென்று பெயர் தாங்கிய ஊராகிய கீரிமலைக்குப் போனால் அங்கே கடல் இருக்கிறது, கேணி இருக்கிறது, மலையை மாத்திரம் காணோம். ஆற்றின் கதையும் அதுவே. மாரியில் ஓடிக் கோடையில் வற்றிவிடும் வழுக்கியாற்றை வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு நதியென்றால் இன்னதென்று விளக்க வேண்டியிருக்கிறது. சுண்ணாம்புக்கல்லின் மேல், கிணற்று நீரை நம்பி, பனைக்கு மேல் உயர்ந்த எதையும் காணாது வளர்ந்த கண்கள் எம்முடையவை.

இந்த எண்ணம் இப்போது எழுந்ததற்குக் காரணம் ரொறன்ரோவில் வாழும் எமது மருமகப்பிள்ளை. அவர் தம் மனைவி மக்களோடு தென்னமெரிக்காவிலே ஈக்குவடோர் நாட்டின் தலைநகரமாகிய கீற்றோவுக்குச் சென்று, அதனைச் சூழ்ந்த அந்தீஸ் மலைகளையும் பார்த்து, ஆறு நாளில் திரும்புவதற்கு ஒரு திட்டம் வகுத்து எமக்கும் அதை அனுப்பியிருந்தார். பார்வைக்குத் தற்பெருமைபோலத் தோன்றினாலும் திட்டம் நல்ல திட்டம். கீற்றோ கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,850 மீற்றர் உயரத்தில் உள்ள நகரம். அங்கே போய் இறங்கிய உடனே மலையேறப் புறப்படுவோருக்குத் தலையிடியும் மூச்சுத் திணறலும் வந்துவிடுமாம். ஆகையால் முதல் இரண்டு நாளும் நகரத்திலே மெல்ல நடந்து இளைப்பாறுவது. மூன்றாம் நாள்தான் 5,897 மீற்றர் உயரமான கொட்டோபாக்சி எரிமலையின் அடிவாரத்துக்குப் போவது. உச்சியை நினைப்பதே இல்லை. பார்க்காமல் விட்டுவரப் போகும் இடங்களின் பட்டியல் ஒன்றையும் அவர் எழுதியிருந்தார். அது பார்க்கும் இடங்களின் பட்டியலிலும் நீண்டிருந்தது.

கடைசியில் ஒரு வரி: "மாமா, அங்கே இருக்கிற மலையை நீங்கள் எப்போது பார்க்கப் போகிறீர்கள்?"

அந்த ஒரு வரி எம்மைத் தைத்துவிட்டது. வாசகர்களுக்கு நாமும் ஒரு திட்டம் வகுத்துக் காட்டினால் என்ன என்று துணிந்து எழுந்தோம்.

தகப்பனாரின் கொப்பி

உண்மையில் திட்டம் ஒன்று முன்பே இருந்தது. காலஞ்சென்ற எமது தந்தையார் உத்தியோகத்தில் இருந்த காலத்தில் ஒரு கொப்பியிலே மலைநாட்டுப் பிரயாணம் ஒன்றை எழுதி வைத்தார். 1990 ஆம் ஆண்டு ஆவணி விடுமுறையில் யாழ்தேவியில் ஏறிப் பொல்கஹவெலையில் இறங்கி, அங்கிருந்து கண்டிக்கு வேறு புகையிரதம் பிடிப்பது என்பது அவருடைய ஏற்பாடு. 1956 ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய யாழ்தேவியை எமது வீட்டார் ஓர் உறவுக்காரியைப் போலவே பெயர் சொல்லிப் பேசுவர். ஆவணிக்கு முன் ஆனி வந்தது. 1990 யூன் மாதத்தில் போர் மறுபடியும் மூண்டது, புகையிரதம் நின்றது. பிறகு தண்டவாளமும் இல்லை, சிலிப்பர்க் கட்டையும் இல்லை. யாழ்ப்பாண நிலையத்துக்கு மீண்டும் புகையிரதம் வந்து சேர்ந்தது 2014 ஒக்டோபரில். இடையிலே கண்டி வீதி 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, போர் முடிந்த 2009 இன் பின்னர் மறுபடியும் திறந்தது. வீதி முதன்முறை திறந்திருந்த அந்த நான்கு ஆண்டுகளிலே தந்தையாருக்கு உடல் நலம் இல்லை. இரண்டாம் முறை திறந்தபோது அவர் இல்லை.

கொப்பியை அலுமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தோம். நான்கு நாளில் பன்னிரண்டு இடங்கள்! தலதா மாளிகை, கண்டி வாவி, பேராதனைப் பூந்தோட்டம், பல்கலைக்கழகம், நுவரெலியா, சீதாஎலிய, ஹக்கல, உலக முடிவு, சிவனொளிபாதமலை, பண்டாரவளை, பதுளை, துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. ஒவ்வொன்றுக்கும் எதிரே மணிக்கணக்கு. சிவனொளிபாதத்துக்கு எதிரே "இரவு ஏறி விடிய இறங்குதல்" என்று இருந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் உள்ள அந்த மலையில் ஏறி இறங்கிய அன்றைக்கே பண்டாரவளைக்குப் போகலாம் என்று எழுதியிருந்த தந்தையார், ஒருமுறையேனும் மலையேறியவர் அல்லர் என்பது அதிலிருந்தே தெரிந்தது. பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் "மாத்தளை – வழியில்" என்றும் ஒரு குறிப்பு. அதனை அப்போது நாம் பெரிதாகக் கவனிக்கவில்லை.

சிரித்துவிட்டுக் கொப்பியை மூட மனம் வரவில்லை. ஆனால் ஒரு பாடம் கற்றோம். போகக் கிடையாதவன் எழுதும் திட்டத்திலே இடங்கள் அதிகமாக இருக்கும். மறுமுறை வரலாம் என்ற நம்பிக்கை உள்ளவனே குறைவாக எழுதுவான்.

கணக்கும் குளிரும்

குடும்பத்தோடு மலைநாடு செல்ல விரும்புவோர் கவனிக்க வேண்டியவற்றை இங்கே சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

நாட்களை எண்ணாதீர்கள், இரவுகளை எண்ணுங்கள். ஆறு நாட் பிரயாணத்தில் ஐந்து இரவுகள்தாம் உண்டு. முதல் நாளும் கடைசி நாளும் வீதிக்கே உரியவை. அவற்றைப் பார்வையிடும் நாட்களாகக் கணக்கில் எழுதுவது சம்பளம் வருமுன் செலவு செய்வதை ஒக்கும். ஓரிரவுக்கு ஓரூர் என்று பெட்டியைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தால் முதியவர்களுக்குக் கண்ட காட்சியிலும் கட்டிய மூட்டையே அதிகம் நினைவில் நிற்கும்.

உயரத்தைப் படிப்படியாக ஏறுங்கள். கடல் மட்டத்தில் வாழும் நாம் ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டியில் ஓரிரவேனும் தங்கிய பின்னரே 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போவது நலம். அந்தீஸ் மலையிற் போல இங்கே மூச்சு முட்டப் போவதில்லை. ஆனால் முழங்காலும் மார்புச் சளியும் குளிரை உடனே அறிந்துகொள்ளும். தை, மாசி மாதங்களிலே நுவரெலியாவில் விடியற்காலைப் புல்லின் மேல் உறைபனி படிவதும் உண்டு. எமது வீடுகளிலே கம்பளிச் சட்டை என்பது வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் விட்டுச் சென்ற பொருளாய் அலுமாரியின் அடியில் கிடப்பது. அதனை வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். காலுறை, காதை மூடத் துணி, வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க், வழக்கமான மருந்துகள் ஆறு நாளைக்கு அல்ல, எட்டு நாளைக்கு என்பவை முக்கியம். வழிச்சாப்பாட்டைப் பற்றி யாழ்ப்பாணத்துப் பெண்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்கவேண்டியதில்லை. பருத்தித்துறை வடையும் எள்ளுருண்டையும் மூன்று நாளைக்குக் கெடாது என்பதை மாத்திரம் நினைவூட்டுகிறோம்.

காலத்தைத் தெரிந்து செல்லுங்கள். சித்திரை மாதத்திலே நுவரெலியாவில் குதிரைப் பந்தயமும் கொண்டாட்டமுமாகச் சனக்கூட்டம் நெருங்கும். அறை வாடகை ஏறும். எசல பெரஹரா நடைபெறும் நாட்களிலே கண்டியும் அவ்வாறே. மழையில்லாத காலம் பெரும்பாலும் தையிலிருந்து பங்குனி வரையில்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று. 2025 நவம்பர் இறுதியிலே வீசிய டித்வா புயல் மலைநாட்டில் மிகப் பெரிய மண்சரிவுகளை உண்டாக்கி நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டு போயிற்று. வீதிகளும் மலைப் புகையிரதப் பாதையும் பலவிடங்களிற் சிதைந்தன. ஆகையால் புகையிரதம் எந்த நிலையம் வரை ஓடுகிறது என்பதைப் புறப்படுமுன் கேட்டறிந்துகொள்ளுங்கள். மழை தொடங்கிவிட்டால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையையும் கவனியுங்கள். நாம் பார்க்கப் போகிற சரிவுகளின் மேலே மனிதர் வீடு கட்டி வாழ்கிறார்கள் என்பது அந்த எச்சரிக்கையைக் கேட்கும்போதாவது மனத்திற் படவேண்டும்.

இந்த விதிகளின்படி தந்தையாரின் பன்னிரண்டு இடங்களை ஐந்தாகக் குறைத்தோம். கண்டியில் இரண்டு இரவு, நுவரெலியாவில் இரண்டு இரவு, திரும்பும் வழியில் மறுபடியும் கண்டியில் ஓரிரவு. கண்டியிலே தலதா மாளிகையும் அதன் முன்னால் உள்ள வாவியும். அந்த வாவியை 1807 இல் அமைத்தவன் நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். 1815 இல் அரசை இழந்து, வேலூரிலே சிறையிருந்து, 1832 இல் அங்கேயே மாண்டவன். எமது இல்லாளுக்குப் பேராதனைப் பூந்தோட்டத்தின் ஓர்க்கிட் மலர்கள். பிள்ளைகளுக்கு நுவரெலியாவின் கிரகரி வாவியிலே படகு. எமக்கு ஹக்கல.

ஹக்கலவை விரும்பியதற்கு மருமகப்பிள்ளையின் அந்தீஸ் மலைதான் காரணம். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினா எடுக்கும் சின்கோனா மரம் அந்த மலைகளுக்கே உரியது. அதனை இங்கே நட்டுப் பார்ப்பதற்காக 1861 இல் திறந்ததுதான் ஹக்கலப் பூந்தோட்டம். 1869 இலிருந்து இலைநோய் கோப்பிச் செடிகளை அழித்துவந்தபோது, தோட்டக்காரர் சிலகாலம் சின்கோனாவை நம்பினர்; விலை விழவே தேயிலைக்கு மாறினர். அதுமட்டுமன்று. நுவரெலியாவிலும் எமது வலிகாமத்துச் செம்மண்ணிலும் விளையும் உருளைக்கிழங்கு அந்தீஸ் மலையிலே பிறந்தது. எமது தோட்டத்து மிளகாயும் புகையிலையும் அந்தப் பெருங்கண்டத்திலிருந்து வந்தவையே. செடிகள் எல்லாம் எவ்வளவோ தூரம் பிரயாணம் செய்திருக்கின்றன. நாம்தான் கண்டி வரைக்கும் போகவில்லை என்று சொல்லிச் சிரித்தோம்.

தாயார் கேட்ட ஊர்

திட்டத்தை எழுதி முடித்து ஓர் இரவு சாப்பாட்டின் பின் தாயாருக்கு வாசித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் நல்லது தம்பி. மாத்தளை எங்கை?"

மாத்தளை வழியில் வரும் என்றோம். கண்டி வீதி தம்புள்ளை கடந்து, மாத்தளையை ஊடறுத்து, அங்கிருந்து ஏறக்குறைய 26 கிலோமீற்றர் ஓடிக் கண்டியை அடைகிறது.

"வழியிலை எண்டு உங்கடை ஐயாவும் சொன்னவர்," என்றார் தாயார். "எனக்கு வழியிலை வேண்டாம். நான் அங்கை இறங்கவேணும்."

பிறகு அவர் சொன்ன கதை, அதே வீட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த நாம் அறியாத கதை.

தாயாருக்கு எட்டு வயதாக இருக்கையில் எமது பாட்டியார் வீட்டுக்கு ஒரு சிறுமி வேலைக்கு வந்தாள். பத்து வயதிருக்கும். மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து அவளுடைய தகப்பன் கூட்டிவந்து விட்டான். அக்காலத்திலே யாழ்ப்பாணத்து வசதியுள்ள வீடுகள் பலவற்றில் அவ்வாறு மலைநாட்டுப் பிள்ளைகள் இருந்தனர் என்பது நம்மில் முதியவர்கள் அறிந்ததே, பேசாமல் விட்டதுமாகும். தாயார் பள்ளிக்கூடம் போனார். அவள் முற்றம் கூட்டினாள். தாயார் அறைக்குள் உறங்கினார். அவள் குசினித் திண்ணையில் உறங்கினாள். மாலையிலே பாட்டியார் கோயிலுக்குப் போன நேரத்தில் இருவரும் கிணற்றடியில் இருந்து கதைப்பார்களாம். அவள்தான் முதன்முதலில் மலையைப் பற்றிச் சொன்னவள். எங்கள் ஊரிலே முகில் மேலே இராது, லயத்துக் கதவைத் திறந்தால் உள்ளே வரும் என்று சொன்னாளாம்.

"நான் நம்பேல்லை. பொய் சொல்லுறாய் எண்டு சொன்னனான். அவள் அழுதவள்," என்றார் தாயார்.

நான்கு ஆண்டின் பின் தகப்பன் வந்தான். பாட்டியாருக்கு ஒரு பொட்டலம் தேயிலைத் தூளைக் கொடுத்துவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டான். பிறகு செய்தி இல்லை.

அவளுடைய பெயர் என்ன என்று கேட்டோம். தாயார் வெகுநேரம் பேசவில்லை. அந்தச் சிறுமியின் பெயரும் தாயாருடைய பெரியம்மா ஒருவரின் பெயரும் ஒன்றாக இருந்தனவாம். வேலைக்காரியையும் வீட்டுப் பெண்ணையும் ஒரே பெயராற் கூப்பிடலாமா என்று பாட்டியார் அவளுக்கு வேறொரு பெயரை வைத்துவிட்டார். அந்த வைத்த பெயர் தாயாருக்கு நினைவில் இருக்கிறது. சொந்தப் பெயர் நினைவில் இல்லை. பாட்டியாருக்குச் சகோதரிமார் நால்வர். அந்த நால்வரில் எவருடைய பெயர் என்பது இப்போது எவருக்கும் தெரியாது.

அந்தச் சிறுமியின் முன்னோர் மலைக்கு வந்த வழியையும் நாம் எண்ணிப் பார்த்தோம். கோப்பித் தோட்டங்கள் தோன்றிய 1820 களிலிருந்து தென்னிந்தியக் கிராமத்து ஏழைகள் கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கினர். அங்கிருந்து காட்டு வழியே மாத்தளை வரையில் நடந்தனர். நீரின்மையாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் வீழ்ந்தவர் பலர். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் ரெயிலர் பயிரிடத் தொடங்கிய தேயிலை நாட்டின் முதன்மையான ஏற்றுமதிப் பொருளாயிற்று. அதைக் கொய்தவர் வாழ்ந்ததோ லயத்தின் ஒற்றையறையில். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அந்தக் கேள்வியின் மேலேயே வடக்கின் தமிழ் அரசியலும் பிளவுபட்டு, 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சி பிறந்தது. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் தொகை பிரித்தது. எஞ்சியோருக்கும் இந்நாட்டுப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

ஆகவே அந்தச் சிறுமி இன்று உயிரோடு இருந்தால், மாத்தளையிலும் இருக்கலாம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, திரும்பியவர்கள் பலர் குடியேறிய நீலகிரிச் சரிவுகளிலே பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம். 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின்போது மலைநாட்டைவிட்டு ஓடிவந்து வன்னியிலே காடு வெட்டிக் குடியேறியவர்களுள் ஒருத்தியாய், எமது வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்திற் கிளிநொச்சியிலும் இருந்திருக்கலாம். தேடுவதற்குப் பெயர் வேண்டும். அந்தப் பெயரை நாமே எடுத்துவிட்டோம்.

2023 ஆம் ஆண்டிலே, மலையக மக்கள் வந்து இருநூறு ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடைபெற்றது. அதனை அப்போது பத்திரிகையில் வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியவர்களுள் நாமும் ஒருவர். தேநீர் குடித்துக்கொண்டே புரட்டினோம்.

இப்போது திட்டம் மாறிவிட்டது. முதல் நாள் மாலை மாத்தளையில் இறங்குவது. இரண்டாம் நாள் முழுவதும் அங்கேயே. மூன்றாம் நாள் கண்டி. நான்காம் நாள் நுவரெலியா. புகையிரதம் ஓடினால் நானுஓயா வரை அதில், இல்லையேல் கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக வீதியில். அங்கே இருந்தது இரண்டு இரவு, இப்போது ஓரிரவு. ஐந்தாம் நாட் காலை சீதாஎலிய அம்மனையும் ஹக்கலவையும் பார்த்துக்கொண்டு கண்டிக்கு இறங்குதல். ஆறாம் நாள் வீடு. பேராதனைப் பூந்தோட்டத்துக்கு இனி நேரமில்லை. அதன் வாசலைக் கடந்து போகையில் எட்டிப் பார்த்துக்கொள்வதென்று எமது இல்லாள் இசைந்துவிட்டார். பிள்ளைகள் படகை இழந்தமைக்காக இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தனர். பாட்டி சொன்ன கதையை அவர்களுக்கும் சொன்னோம். மூத்தவன் ஒன்றும் பேசாது போய், தன்னுடைய கம்பளிச் சட்டையைத் தானே வெயிலிற் போட்டான்.

மாத்தளையிலே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அயலார் கேட்கின்றனர். முத்துமாரியம்மன் கோயில் இருக்கிறது. மாசி மகத்திலே ஐந்து தேர் ஓடும் கோயில். 1983 யூலையில் தீக்கிரையாகிப் பின்னர் மறுபடியும் எழுந்த கோயில். நடந்து வந்து உயிரோடு சேர்ந்தவர்கள் வழித்துணையாயிருந்த மாரியை வணங்கிய ஊர் அது. அங்கே ஓர் அருச்சனை செய்யவேண்டும் என்பதே தாயாரின் விருப்பம்.

அதிலும் ஒரு சிக்கல். அருச்சனைத் தட்டை வாங்கும் ஐயர் பெயரையும் நட்சத்திரத்தையும் கேட்பார். என்ன சொல்லுவது?

"சுவாமி பெயருக்குச் செய்யச் சொல்லலாம், மாமி. தெரியாதவர்கள் எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்," என்றார் எமது இல்லாள்.

தாயார் தலையை அசைத்தார். "சுவாமிக்குப் பெயர் இருக்குப் பிள்ளை. அவளுக்கெல்லோ செய்யவேணும்."

மறுநாட் காலையில் தாயார் வெற்றிலைத் தட்டத்தோடு வந்து அமர்ந்து, பாட்டியாரின் சகோதரிமார் நால்வரின் பெயரையும் எம்மைக் கொண்டு ஒரு தாளில் எழுதுவித்தார். நான்கு பெயருக்கும் நான்கு அருச்சனை. அவற்றுள் ஒன்று அவளுடையதாக இருக்குமல்லவா என்றார். நட்சத்திரம் கேட்டால் தெரியாது என்று உண்மையைச் சொல்லிவிடுவாராம்.

அந்தத் தாளைத் தந்தையாரின் கொப்பிக்குள் வைத்திருக்கிறோம். "மாத்தளை – வழியில்" என்ற குறிப்பின் கீழே "ஒரு நாள்" என்று எழுதிச் சேர்த்தோம். வருகிற தை மாதம் புறப்படுவதாக உத்தேசம். நுவரெலியாவில் தங்கப் போகும் அறையில் யன்னல் மலைப் பக்கமாக இருக்கவேண்டும் என்று விடுதிக்காரரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்டோம். அந்த ஓர் இரவின் விடியலிலே யன்னலைத் திறந்து வைப்பதாகத் தாயாருக்கு வாக்களித்திருக்கிறோம்.

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கக்கூடும். திட்டத்தை எழுதுமுன் வீட்டு முதியவரிடம், எங்கே போக விருப்பம் என்று ஒருதரம் கேட்டுப் பாருங்கள். நாம் கேளாமலே பன்னிரண்டு இடங்களை ஐந்தாகக் குறைத்துவிட்டிருந்தோம். அவர் கேட்ட ஊர் அந்த ஐந்திலும் இல்லை.